ஓர் ஊராட்சி தன் மக்களின் நலவாழ்வை எப்படி அளக்கிறது?

ஒரு கிராம ஊராட்சியில் வாழும் மக்களின் உடல்நலம், கல்வி, குடிநீர், தூய்மை, வருவாய், பாதுகாப்பு ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறியிருக்கின்றன என்பதை எண்களால் கணக்கிட்டு, அந்தக் கணக்கை மக்கள் முன்பும் அரசின் முன்பும் வைப்பதே நலவாழ்வு அளவீடு ஆகும். இது வரவு செலவுக் கணக்கிலிருந்து வேறுபட்டது. வரவு செலவுக் கணக்கு, பணம் எங்கே போயிற்று என்று சொல்லும். நலவாழ்வுக் கணக்கு, அந்தப் பணம் போன பிறகு மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். முதல் கணக்கை எழுதும் பழக்கம் நம் ஊராட்சி அலுவலகங்களில் நெடுங்காலமாக உண்டு. இரண்டாவது கணக்கு இப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளை முன்வைத்து இந்த அளவீட்டு முறையை விளக்குகிறது. பொதுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு உள்ளாட்சி பற்றிய பாடத்தில் இதன் ஒரு பகுதி வரும். கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கோ முழுவதும் பயன்படும்.

சட்டப் பின்னணி

1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசமைப்புத் திருத்தச் சட்டம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில் வேளாண்மை, குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, சுகாதாரம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு முதலிய 29 பொருள்கள் ஊராட்சிகளுக்கு உரியவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றில் எவற்றை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராக இருக்கும் கிராம சபைக்கு அரசமைப்பிலேயே இடம் கிடைத்தது இத்திருத்தத்தின் தனிச்சிறப்பு.

கணக்குக் காட்டுவது என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்கிறது. பெருமை பேசுவோர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அதில் இடம். யாரிடம் கணக்குக் காட்டப்பட்டது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

செலவு வேறு, வேலை வேறு, விளைவு வேறு

அளவீட்டைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு பணிக்காகக் கொடுக்கப்பட்ட பணம் உள்ளீடு. அந்தப் பணத்தால் கட்டப்பட்டது அல்லது செய்யப்பட்டது வெளியீடு. அதனால் மக்கள் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம் விளைவு.

தனிநபர் கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். கட்டுவதற்கு ஒதுக்கிய தொகை உள்ளீடு. கட்டி முடித்த கழிப்பறைகளின் எண்ணிக்கை வெளியீடு. வீட்டில் உள்ள எல்லாரும், குறிப்பாக முதியவர்களும் ஆண்களும், அதைத் தினமும் பயன்படுத்துகிறார்களா, ஊரில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைந்ததா என்பவை விளைவு. முதல் இரண்டையும் அலுவலகத்தில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். மூன்றாவதற்கு நடந்து போக வேண்டும். கழிப்பறைக்குள் விறகும் ஆட்டுத் தழையும் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, வெளியீட்டுக்கும் விளைவுக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

பள்ளியிலும் இதே கதைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘சேர்க்கை 100 விழுக்காடு’ என்பது ஓர் ஊரைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண். செங்கல் சூளை வேலை தொடங்கும் மாதங்களில் பெற்றோருடன் சில பிள்ளைகள் போய்விடுவார்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை வகுப்பில் இருக்காது. சேர்க்கை விழுக்காடு அப்போதும் 100தான். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆண்டின் பெரும்பாலான நாள்கள் வந்தார்கள், எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதில் சேர்ந்தார்கள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால்தான் ஊரின் நிலை தெரியும். உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்து, மாலைப் பேருந்து இல்லாத ஊரில் இந்த எண்ணை எழுதும்போதே காரணமும் கூடவே தெரிந்துவிடும்.

ஒன்பது கருப்பொருள்களும் ஊராட்சி முன்னேற்றக் குறியீடும்

2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை அப்படியே ஒரு கிராமத்தில் வைத்துப் பேச முடியாது. ஆகவே ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் அவற்றை ஒன்பது கருப்பொருள்களாகத் தொகுத்தது. வறுமையற்ற, வாழ்வாதாரம் மிக்க ஊராட்சி, நலமான ஊராட்சி, குழந்தைகளுக்கு உகந்த ஊராட்சி, நீர் நிறைவுள்ள ஊராட்சி, தூய்மையும் பசுமையும் உள்ள ஊராட்சி, உள்கட்டமைப்பில் தன்னிறைவு பெற்ற ஊராட்சி, சமூக நீதியும் சமூகப் பாதுகாப்பும் உள்ள ஊராட்சி, நல்லாட்சி உள்ள ஊராட்சி, மகளிருக்கு உகந்த ஊராட்சி என்பவை அவை. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது, இவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ தங்கள் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளுமாறு ஊராட்சிகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றன.

இந்த ஒன்பதையும் அளப்பதற்கென உருவானது ஊராட்சி முன்னேற்றக் குறியீடு. முதற் பதிப்பில் 435 குறிகாட்டிகள் இருந்தன. அவற்றில் 331 கட்டாயம், 104 விருப்பம். இவற்றை நிரப்ப 566 தரவுப் புள்ளிகள் வேண்டும். ஒரு செயலரும், ஓரிரு கணினி நாள்களும் உள்ள ஊராட்சி அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். 566 கட்டங்களை நிரப்பு என்றால், கடைசி இருநூறு கட்டங்கள் எப்படி நிரம்பும் என்பதை ஆசிரியராக இருந்த எவரும் ஊகிக்கலாம். விடைத்தாளின் கடைசிப் பக்கங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அடுத்த பதிப்பில் குறிகாட்டிகள் 147 ஆகக் குறைக்கப்பட்டது நல்ல திருத்தம்.

குறியீடு கணக்கிடப்படும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஒவ்வொரு குறிகாட்டியும் அதன் இலக்கை ஒட்டி மதிப்பெண்ணாக மாற்றப்படுகிறது. ஒரு கருப்பொருளுக்கு உரியவை சேர்ந்து அந்தக் கருப்பொருளின் மதிப்பெண் ஆகின்றன. ஒன்பதும் சேர்ந்து 0 முதல் 100 வரையிலான ஒரே எண்ணாகின்றன. 90க்கு மேல் பெற்றவை சாதித்தவை. 75 முதல் 90க்குள் முன்னணியில் உள்ளவை. 60 முதல் 75க்குள் நன்கு செயல்படுபவை. 40 முதல் 60க்குள் முனைபவை. 40க்குக் கீழ் தொடக்க நிலையினர்.

2022-23 நிதியாண்டுக்கான முதற் குறியீடு 2025 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. நாடு முழுவதும் சரிபார்த்த தரவு தந்த 2,16,285 ஊராட்சிகளில் ஒன்றுகூட 90ஐத் தொடவில்லை. முன்னணி வகையில் 699, நன்கு செயல்படும் வகையில் 77,298, முனையும் வகையில் 1,32,392, தொடக்க நிலையில் 5,896 என அமைந்தன. நூற்றுக்கு அறுபத்தொன்று ஊராட்சிகள் 40க்கும் 60க்கும் இடையே நின்றன. முதல் இடத்தைச் சாதித்தவர் எவரும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பட்டியல் என்ற அளவில் அதை நான் மதிக்கிறேன்.

எண் எங்கிருந்து வருகிறது?

ஊராட்சி தானே எடுக்கும் எண்கள் சில: வீட்டு வரி வசூல், தெருவிளக்கு, குடிநீர் இணைப்பு, குப்பை சேகரிப்பு, கிராம சபை நடந்த விவரம். மற்றவை துறைகளிடமிருந்து வர வேண்டும். பள்ளி விவரம் கல்வித் துறையிடம், குழந்தைகளின் எடையும் உயரமும் அங்கன்வாடியிடம், கர்ப்பிணிகளின் பதிவு கிராமச் சுகாதாரச் செவிலியரிடம், குடும்ப அட்டை விவரம் உணவு வழங்கல் துறையிடம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் வழங்கப்படுவதால் தாய்சேய் விவரங்கள் ஓரளவு ஒழுங்காகக் கிடைக்கும். மற்ற துறைகளின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகள் பக்கத்து ஊராட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கலாம். எண்ணைப் பெறுவதைவிட, அது யாருடைய எண் என்று பிரிப்பது கடினம்.

நாளிதழ்களில் வரும் தேசியக் குடும்பநல ஆய்வின் எண்களை ஊராட்சிக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இது மாதிரிக் கணக்கெடுப்பு. மாநிலம், மாவட்டம் என்ற அளவுக்குத்தான் இதில் முடிவு சொல்லலாம். ‘எங்கள் ஊரில் எத்தனை?’ என்ற கேள்விக்கு விடை அந்த ஊர் அங்கன்வாடியின் அளவுகோலில்தான் இருக்கிறது.

அந்த அளவுகோலிலும் கவனம் வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும். நிரம்பிய பிறகு நிற்க வைத்து உயரம் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் சுமார் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு வரும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் வளர்ச்சித் தரநிலை கணக்கில் கொள்கிறது. நின்றால் அழும் குழந்தையைப் படுக்க வைத்து அளந்து, நின்ற உயரம் என்று எழுதினால் குழந்தை ஒரே நாளில் வளர்ந்துவிடும். குழந்தை வளர்ந்ததாக அறிக்கை சொல்லும். சட்டை மட்டும் அப்படியே பொருந்தும்.

சராசரி மறைப்பவை

இனி, கணக்குப் பாடத்துக்கு வருவோம். கற்பனையாக ஓர் ஊராட்சி. மொத்தம் 600 வீடுகள், அவற்றில் 540 வீடுகளில் குடிநீர்க் குழாய் இணைப்பு. 90 விழுக்காடு. அறிக்கையில் இந்த ஒரு வரி இருந்தால் கூட்டத்தில் கைதட்டுவார்கள்.

அதே எண்ணைக் குடியிருப்பு வாரியாகப் பிரிப்போம். தலைமைக் கிராமத்தில் 400 வீடுகளில் 392 இணைப்புகள், 98 விழுக்காடு. சாலைக்கு அப்பால் உள்ள தெருவில் 120க்கு 108, 90 விழுக்காடு. ஆதிதிராவிடர் குடியிருப்பில் 80 வீடுகளுக்கு 40 இணைப்புகள், 50 விழுக்காடு. கூட்டினால் 540தான் வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் பொய் இல்லை. ஆனால் இணைப்பு இல்லாத 60 வீடுகளில் 40 ஒரே இடத்தில் இருக்கின்றன என்ற செய்தி 90 என்ற எண்ணுக்குள் காணாமல் போய்விட்டது.

இணைப்பு இருப்பதோடு முடிவதில்லை. ஜல் ஜீவன் இயக்கத்தின் வரையறைப்படி, இயங்கும் இணைப்பு என்றால் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், உரிய தரத்தில், ஒழுங்காக வர வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். ஏறத்தாழ 18 குடம், குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால். மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் போகும் வழியில் நாலைந்து வீட்டார் மோட்டார் வைத்து உறிஞ்சினால், கடைசித் தெருவுக்கு மூன்று குடம்தான் வரும். அந்தக் கடைசித் தெரு எது என்று பெரும்பாலும் சொல்லாமலே தெரியும். ஆகவே குடிநீரைப் பொறுத்தவரை ஊராட்சியின் சராசரியைக் கேட்பதைவிடக் கடைக்கோடிக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது நேர்மையான அளவு. பள்ளி மாணவர்கள் ஒரு வாரச் செயல்திட்டமாகவே இதைச் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

குறியீட்டின் மொத்த மதிப்பெண்ணிலும் இதே சிக்கல் உண்டு. நீரில் 90ம் மகளிர் நலனில் 30ம் பெற்ற ஊராட்சியின் இரண்டு மதிப்பெண்களின் சராசரி 60. இரண்டிலும் 60 பெற்ற ஊராட்சியின் சராசரியும் 60. பட்டியலில் இருவரும் அருகருகே நிற்பார்கள். முதல் ஊரில் வாழும் பெண்களுக்கு அந்த 60ஆல் பயன் ஒன்றுமில்லை. மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு நிற்காமல் ஒன்பது கருப்பொருள்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும், அதிலும் மிகக் குறைந்ததை முதலில்.

சின்ன எண்களும் ஏமாற்றும். ஓர் ஊரில் ஆண்டுக்கு 20 குழந்தைகள் பிறக்கின்றன. சென்ற ஆண்டு எடை குறைந்து பிறந்தது ஒன்று, இந்த ஆண்டு இரண்டு. ‘எடை குறைந்த பிறப்பு இரு மடங்கானது’ என்று எழுதலாம். ஐந்து விழுக்காடு பத்தானது என்றும் எழுதலாம். இரண்டும் கணக்குப்படி சரி, இரண்டும் பொருளற்றவை. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்து 60 பிறப்புகளில் எத்தனை என்று பார்ப்பதே முறை. அந்த இரண்டு தாய்மார்களின் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மாதம் வரை நடவு வேலைக்குப் போனார்கள் என்று கேட்பது அதைவிடச் சிறந்த முறை.

விழுக்காடு பற்றி மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று. 40 விழுக்காடாக இருந்தது 50 ஆனால், உயர்வு 10 விழுக்காட்டுப் புள்ளிகள். பழைய நிலையோடு ஒப்பிட்டால் அது 25 விழுக்காடு உயர்வு. மேடையில் பேசுகிறவர் எதைச் சொல்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். உயர்வைச் சொல்லும்போது 25ம், குறைவைச் சொல்லும்போது 10ம் வருவது தற்செயல் அல்ல.

பூச்சியம் நல்ல எண்ணா?

சில குறிகாட்டிகளில் எண் கூடுவது முன்னேற்றமாகவும் இருக்கலாம். குடும்ப வன்முறைப் புகார், குழந்தைத் திருமணத் தகவல் ஆகியவை இந்த வகை. ஓர் ஊராட்சி ஆண்டு முழுவதும் ‘குழந்தைத் திருமணம்: இல்லை’ என்று எழுதுகிறது. உண்மையிலேயே நடக்காமல் இருக்கலாம். நடந்தும் யாரும் 1098ஐ அழைக்காமல் இருக்கலாம். மகளிர் உதவி எண் 181 என்று அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திய பிறகு அடுத்த ஆண்டில் மூன்று தகவல்கள் வந்து, மூன்றும் தடுத்து நிறுத்தப்பட்டால், அந்த ஊராட்சி பின்னோக்கிப் போகவில்லை. ஆனால் எண் மட்டும் பார்க்கும் மேலதிகாரி ‘பூச்சியமாக இருந்தது ஏன் மூன்றாயிற்று?’ என்று கேட்பார். ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டால் போதும். மறு ஆண்டு முதல் அந்தக் கட்டத்தில் பூச்சியம்தான் இருக்கும், ஊரில் என்ன நடந்தாலும்.

ஆகவே இத்தகைய குறிகாட்டிகளோடு துணைக் குறிகாட்டி ஒன்று வேண்டும். 18 வயதுக்குள் பள்ளியை விட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே என்று பெயர் வாரியாகப் பார்த்தால் பூச்சியம் மெய்யா என்பது தெரிந்துவிடும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் வேலை இதுதான். தலைமையாசிரியர் தரும் இடைநின்றோர் பட்டியலையும், செவிலியர் தரும் கர்ப்பிணிகள் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடியும். இதை வெளிப்படையாகச் செய்யக் கூடாது. பிள்ளைகளின் பெயர் கூட்டத்தில் படிக்கப்படவும் கூடாது. எண்ணைச் சபையில் சொல்லலாம், பெயர் குழுவோடு நிற்க வேண்டும்.

கிராம சபையில் அறிக்கை

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் கிராம சபை கூடிவந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு ஆயின. குறைந்தபட்ச வருகைக்கும் விதி உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்படும். சுருக்கம் பதாகையாகவும் வைக்கப்படும். படிக்கும் வேகத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது என்பதும் ஊரறிந்ததே. ‘பொது நிதி, மாநில நிதிக்குழு மானியம், ஒன்றிய நிதிக்குழு மானியம்’ என்று தலைப்புகள் ஓடும்போது, பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். என் கணிப்பில் அந்தக் கூட்டத்தின் உண்மையான முன்னேற்ற அறிக்கை அந்த ஓரத்தில்தான் வாசிக்கப்படுகிறது. யாரும் குறித்துக்கொள்வதில்லை, அவ்வளவே.

கிராம சபையின் ஒப்புதலை அளவீட்டின் ஒரு படியாகவே வைத்த ஏற்பாடுகளும் உண்டு. எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது என்று துறை சொன்னால், ஜல் ஜீவன் இயக்கக் கணக்கில் அந்தக் கிராமம் ‘அறிவிக்கப்பட்டது’ என்று மட்டுமே பதிவாகும். கிராம சபை கூடி, ஆம் என்று தீர்மானம் நிறைவேற்றிய பிறகே ‘சான்றளிக்கப்பட்டது’ என்ற நிலை கிடைக்கும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. மேலிருந்து எழுதப்பட்ட எண்ணை, அந்த எண்ணுக்குள் வாழ்பவர்களே சரி அல்லது தவறு என்று சொல்வது இவ்விரண்டிலும் உள்ள கருத்து. கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்கி வந்து தீர்மானம் எழுதும் ஊரில் இந்தக் கருத்து செத்துப்போகும்.

இன்னொரு கேள்வி இப்போது பெரிதாகியிருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போயிற்று. உறுதிமொழி எடுத்த தலைவர் போன பிறகு, அந்த உறுதிமொழியின் முன்னேற்றத்தை யார் யாரிடம் சொல்வது? தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கலைவதில்லை. அறிக்கை கேட்கும் உரிமை அதன் உறுப்பினர்களுக்கு அப்படியே இருக்கிறது. இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

மற்ற இடங்களில்

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்போது, ஒவ்வோர் ஊராட்சியும் தன் வரலாறு, வளம், குறைகள் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு வளர்ச்சி அறிக்கையை நூலாக எழுதியது. வார்டு கூட்டங்களில் மக்கள் சொன்னதும், தன்னார்வலர்கள் திரட்டியதும் அதில் இடம்பெற்றன. எண்களை மட்டும் கேட்கும் படிவத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வேல்ஸ் நாடு 2015இல் எதிர்காலத் தலைமுறைகளின் நலவாழ்வுச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, ஏழு நலவாழ்வு இலக்குகளை வகுத்தது. அங்குள்ள உள்ளூர்ப் பொதுச் சேவை வாரியங்கள் தம் பகுதியின் நலவாழ்வை மதிப்பிட்டு, திட்டம் வெளியிட்டு, முன்னேற்றத்தையும் அறிவிக்க வேண்டும். நியூசிலாந்தின் 2002ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல், பண்பாட்டு நலன்களை வளர்ப்பதை உள்ளாட்சியின் நோக்கமாக எழுதியது. 2012இல் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. 2019இல் திரும்பச் சேர்க்கப்பட்டன. நலவாழ்வு உள்ளாட்சியின் வேலையா, சாலையும் குழாயும் மட்டும்தானா என்ற சண்டை அங்கும் ஓய்ந்தபாடில்லை.

நியூசிலாந்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று. அங்கே மன்றத்தின் ஆண்டறிக்கையில் பணக் கணக்கோடு சேவைகளின் செயல்திறன் எண்களும் தணிக்கைக்கு உட்படுகின்றன. நம்மிடம் ரூபாய்க்குத் தணிக்கை உண்டு. குழந்தையின் எடை சரியாக எழுதப்பட்டதா என்பதற்குத் தணிக்கையாளர் வருவதில்லை. முன்னேற்றக் குறியீட்டுத் தரவு மேல்மட்ட அலுவலர்களால் சரிபார்க்கப்படுகிறது என்றாலும், அது பெரும்பாலும் திரையில் நடக்கும் சரிபார்ப்பு. தெருவில் நடக்க வேண்டிய சரிபார்ப்பை ஊரில் இருப்பவர்தாம் செய்தாக வேண்டும்.

எங்கே பார்க்கலாம், எப்படிக் கேட்கலாம்?

ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் செலவு விவரமும் ஒன்றிய அரசின் இ-கிராம் சுவராஜ் தளத்தில் உள்ளன. இத்தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் உங்கள் ஊராட்சியின் பெயர் வரும். முன்னேற்றக் குறியீட்டுக்குத் தனித் தளம் இருக்கிறது.

தளத்தில் பார்த்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கிராம சபைக்குப் போவது நல்லது. ‘ஊராட்சி எப்படி முன்னேறியிருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘குடிநீர் இணைப்பு 100 விழுக்காடு என்று போட்டிருக்கிறீர்கள், மேற்குத் தெருவில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு இருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது?’ என்று கேட்டால் செயலர் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்கும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கூட்டம் முடிந்தால், தீர்மான நகல் கேட்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பத்தில் குடியிருப்பு வாரியாக, ஆண்டு வாரியாகத் தகவல் வேண்டும் என்று குறிப்பிட மறக்க வேண்டாம். குறிப்பிடாவிட்டால் கிடைப்பது மீண்டும் அந்த ஒரே விழுக்காடுதான்.